மோட்டார் சைக்கிளின் சக்கரமும் பாட்டரியும்: சில இயற்பியல் குறிப்புகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

காலை ஒன்பதரை மணிக்கு நம் கல்லூரி வாயிலில் உள்ள புளியமரத்தடியில் நின்று பார்த்தால் போதும். நம்மில் எத்தனை பேர் மோட்டார் சைக்கிளை நம்பிப் படிக்கிறோம் என்பது விளங்கும். நேரத்துக்குப் பேருந்து வராத ஊர்களிலிருந்து இருவராகவும், சில நாட்களில் மூவராகவும் வந்து இறங்குகிறோம். (மூவராக வருவது குற்றம் என்பதை அறிவேன். முதல்வர் அவர்களும் இம்மலரைப் படிப்பார்கள் என்பதையும் அறிவேன்.) வண்டி வாங்கிய அன்று மஞ்சளும் குங்குமமும் இட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்குகிறோம். அதன்பின் அந்தச் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்? பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும் என்பதால் பெட்ரோலைப் பார்க்கிறோம். காற்றுக் குறைந்தாலும் வண்டி ஓடும். கம்பி ஒடிந்தாலும் ஓடும். பாட்டரி செத்தாலும் பழைய வண்டி ஓடும். ஓடுகிறது என்பதாலேயே இவற்றை நாம் பார்ப்பதில்லை.

நானும் அப்படித்தான் இருந்தேன். என் தந்தையார் பால் வியாபாரம் செய்பவர். ஊரில் வீடு வீடாகப் பால் வாங்கி, கேன்களை வண்டியின் இருபுறமும் மாட்டிக்கொண்டு, பதினான்கு கிலோமீட்டர் வந்து டவுனில் டீக்கடைகளுக்கு ஊற்றுவார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தப் படியில் என்னை ஏற்றிவிட்டது அந்த வண்டி என்றால் மிகையாகாது. அது 2006ஆம் ஆண்டு வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். கம்பெனிகள் இரண்டும் பிரிந்துவிட்டதால் இன்று அந்தப் பெயரில் புது வண்டி கிடையாது. எங்கள் வண்டியின் தொட்டியில் மட்டும் இரண்டு பெயரும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

2024ஆம் ஆண்டு டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் நம் பக்கத்து மாவட்டங்களைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை விட்ட பின்னும் சாலையில் சேறு காயவில்லை. அப்படி ஒரு விடியற்காலையில், ஏரிக்கரைத் திருப்பத்தில் பின் சக்கரம் ஒரு பக்கமாகச் சறுக்கி அப்பா விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. இரண்டு கேன் பாலும் ரோட்டில் போயிற்று. ஆறு வாரம் கையைத் தூக்கக்கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். அந்த ஆறு வாரமும் பால் ஊற்றியவன் நான். முதல் பருவத்தில் ஒரு தாளை எழுத இயலாமல் போனதும் அதனால்தான். (2025 ஏப்ரலில் எழுதித் தேறிவிட்டேன்.)

விழுந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியது கூட்டுரோட்டில் உள்ள பாய் கடையில். அவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். உட்கார்ந்து பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். பிறகு சொன்னார்:

"தம்பி, மழை மேல பழி போடாத. இது ரொம்ப நாளா சொல்லிக்கினு இருந்திருக்கு. உங்க அப்பாவுக்கும் நேரமில்ல, நீயும் காது குடுக்கல."

அன்று அவர் காட்டியவற்றையும், பிறகு அந்த ஆறு வாரத்தில் நானே பார்த்துத் தெரிந்துகொண்டவற்றையும், நம் வகுப்பறையில் படித்தவற்றோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். விடுதலான இடங்களைப் பேராசிரியப் பெருமக்கள் திருத்துவார்களாக.

டயரும் காற்றும்

ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் உடையாமலும் உறுதிப்படும் என்று கண்டு, 1844இல் அதற்குக் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். அடுத்த ஆண்டே ராபர்ட் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அந்நாளில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1888இல் கால்நடை மருத்துவரான ஜான் பாய்டு டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் கண்டுபிடித்த பிறகுதான் உலகம் காற்றின் மேல் ஓடத் தொடங்கியது. காற்றின் மேல் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. வண்டியின் பாரத்தைச் சுமப்பது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான்.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். அழுத்தம் என்பது ஓரலகுப் பரப்பின் மேல் செயல்படும் விசை என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். பின் சக்கரத்தின் மேல் 160 கிலோ பாரம் இருப்பதாகக் கொள்வோம். டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 2.8 கிலோ காற்று இருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 57 சதுர சென்டிமீட்டர். அதே பாரத்துக்குக் காற்று 1.4 கிலோவாக இருந்தால் பரப்பு 114 சதுர சென்டிமீட்டராகிவிடும். டயரின் பக்கச்சுவருக்கும் கொஞ்சம் விறைப்பு உண்டு. அதை இக்கணக்கில் விட்டுவிட்டேன். ஆனால் விஷயம் இதுதான்: காற்றுப் பாதியானால் டயர் இருமடங்கு நசுங்கித்தான் அந்தப் பாரத்தைத் தாங்க முடியும்.

நசுங்கினால் என்ன, தரையில் பிடிப்புத்தானே கூடும் என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். கெட்டிக்காரக் கேள்விதான். ஆனால் சக்கரம் நிற்கும் பொருள் அன்று, சுழலும் பொருள். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. ரப்பரை மடக்கச் செலவிட்ட ஆற்றல் முழுவதும் நிமிரும்போது திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. அளவுக்கு மேல் மடங்கும் டயர் அளவுக்கு மேல் சூடாகி, உள்ளே உள்ள நூல் அடுக்குகள் ரப்பரை விட்டுப் பிரியத் தொடங்கும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் நெளியும். அப்பா விழுந்தது நேர்ச்சாலையில் அன்று, திருப்பத்தில்.

காற்றுக் குறைவை அறிவிக்கும் அடையாளம் ஒன்றைப் பாய் காட்டினார். டியூப் வைத்த சக்கரத்தில் வால்வுத் தண்டு, ரிம்மின் துளையிலிருந்து நேராக மையத்தை நோக்கி நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காற்றுக் குறைந்த டயர் ரிம்மின் மேல் சிறிது சிறிதாக நகரும். டியூபையும் இழுத்துச் செல்லும். வால்வு மட்டும் துளையில் மாட்டிக்கொண்டு சாயும். இப்படியே விட்டால் ஒருநாள் வால்வு டியூபிலிருந்து அறுந்து, ஓடும்போதே காற்று முழுவதும் போய்விடும். இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், கண் போதும்.

காற்றின் அளவுக்கோ கண் போதாது. அப்பா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்குது" என்பார். கட்டைவிரலுக்கு இருபதும் கல்தான், நாற்பதும் கல்தான். எனவே ஒரு காற்று அளவி வாங்கினேன். பேனா அளவே இருக்கும். எவ்வளவு காற்று வேண்டும் என்பதை வண்டியிலேயே, பெரும்பாலும் செயின் மூடியின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் அச்சிட்டிருப்பார்கள். எங்கள் வண்டி வகைக்கு முன்னே சுமார் 25, பின்னே தனியாகப் போனால் 28, ஆள் ஏற்றினால் 40 பி.எஸ்.ஐ. பி.எஸ்.ஐ. என்பது சதுர அங்குலத்துக்கு இத்தனை ராத்தல் என்னும் பழைய கணக்கு, 14.2 பி.எஸ்.ஐ. சேர்ந்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. தனியாகச் செல்வதற்கும் இருவராகச் செல்வதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பதைக் கவனியுங்கள். நாமோ இருவராக வந்துகொண்டே தனி ஆளுக்கான காற்றில் ஓட்டுகிறோம்.

காற்றைக் குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும் என்பது விதி. ஏன் என்பதற்கு நம் பாடநூலில் விடை இருக்கிறது. பருமன் மாறாதபோது வாயுவின் அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். காலையில் 27 டிகிரியில், அதாவது 300 கெல்வினில், 28 பி.எஸ்.ஐ. அடித்த டயர், வெயில் ரோட்டில் ஓடி 57 டிகிரி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 330 கெல்வின். இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். 28ஐ 330ஆல் பெருக்கி 300ஆல் வகுத்து 30.8 என்று எழுதிக்கொண்டு போய்ப் பார்த்தால், அளவி 32க்கு மேல் காட்டியது. அளவி கெட்டுவிட்டது என்றே எண்ணினேன். பிறகுதான் நினைவு வந்தது: அளவி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட பகுதியை மட்டுமே. 14.7ஐக் கூட்டி 42.7 என்று தொடங்க வேண்டும். அப்படிச் செய்தால் 47, அதிலிருந்து 14.7ஐக் கழித்தால் 32.3. அளவி சரி, நான்தான் தவறு. ஆகவே நெடுந்தூரம் ஓடி வந்து பெட்ரோல் பங்கில் அளந்துவிட்டு, காற்று அதிகம் என்று இறக்கிவிடுபவர், மறுநாள் காலை குறைந்த காற்றில் ஓட்டுகிறார்.

இனி டயரின் தேய்மானம். காய்ந்த சாலையில் மொட்டை டயரும் பிடிக்கத்தான் செய்யும். ஆகையால்தான் நாம் ஏமாறுகிறோம். டயரில் வெட்டுகள் இருப்பது ஈரச்சாலையில் நீரை ஒதுக்கி, ரப்பர் தரையைத் தொட வழி செய்வதற்காக. வெட்டு தேய்ந்துவிட்டால் நீர் போக இடமின்றி டயருக்கும் தரைக்கும் நடுவே தங்கிவிடும். டயரின் பக்கச்சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ ஒரு சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேர் மேலே, வெட்டின் ஆழத்தில் ஒரு சிறு திட்டு தெரியும். டயர் தேய்ந்து அந்தத் திட்டும் மேற்பரப்பும் சமமாகிவிட்டால், மீதி ஆழம் 0.8 மில்லிமீட்டர்தான். இருசக்கர வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லையும் அதுவே. எங்கள் பின் டயரில் திட்டு எது, டயர் எது என்று தெரியவில்லை.

முன் டயரில் வெட்டு நன்றாகவே இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் 1112 என்று நான்கு இலக்கங்கள் இருந்தன. முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. அதாவது 2012ஆம் ஆண்டின் 11ஆம் வாரத்தில் செய்த டயர். நான் இரண்டாம் வகுப்புக்கூடப் போகாத காலத்து ரப்பர். பக்கச்சுவர் முழுதும் பொடி வெடிப்புகள். ரப்பர் ஓடாமலே முதுமையடையும் என்பதை அன்றுதான் அறிந்தேன். பழைய சரக்கைப் புதிது என்று கொடுத்தாலும் இந்த நான்கு இலக்கங்கள் காட்டிக்கொடுத்துவிடும். டயர் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே குனிந்து பார்த்துவிடலாம். டயரின் மேல் சுழற்சித் திசை காட்டும் அம்புக்குறி இருந்தால், மாட்டும்போது அதையும் பார்க்க வேண்டும்.

கம்பிகளின் பேச்சு

இப்பகுதியைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். என்னை இயற்பியல் மாணவன் என்று நானே உணர்ந்தது இதில்தான்.

பின் சக்கரத்தில் 36 ஸ்போக்ஸ் கம்பிகள். பாய் ஒரு சிறு ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங், டொக். மீண்டும் டிங், டொக், டொக்.

"படிச்ச புள்ளதானே, சொல்லு. ஏன் சத்தம் மாறுது?"

சோனாமீட்டர் என் கண்முன் வந்து நின்றது. ஆய்வகத்தில் எடைகளைத் தொங்கவிட்டு, காகிதத் துண்டு துள்ளி விழும்வரை பாலங்களை நகர்த்தி, பதிவேட்டில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அதிர்வெண் மாறும். ஒரு கம்பியின் இழுவிசை கால்பங்காகக் குறைந்தால் அதன் ஒலி பாதி அதிர்வெண்ணுக்கு, அதாவது ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். முழுதும் தளர்ந்த கம்பிக்கு ஓசையே இராது; டொக் என்னும். சோனாமீட்டரில் நான் படித்ததைப் பாய் முப்பது வருடமாகக் காதால் அளந்துகொண்டிருக்கிறார். ஏன் மாறுகிறது என்று சொன்னேன். "அப்பிடியா? நல்லது. அடுத்ததத் தட்டு" என்று ஸ்பேனரை என்னிடம் கொடுத்துவிட்டார்.

டொக் என்றவற்றுள் மூன்று கம்பிகள் அடியோடு ஒடிந்திருந்தன. மூன்றும் ஹப்பின் அருகே வளையும் கழுத்தில் ஒடிந்தவை. கம்பிச் சக்கரம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இதன் காரணம் புரியும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் மர ஆரங்கள் பாரத்தை அடியிலிருந்து தூணைப்போல் தாங்குகின்றன. மோட்டார் சைக்கிளின் கம்பி மெல்லியது, தள்ளினால் வளைந்துவிடும். ஆகவே எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இறுக இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். பாரம் வரும்போது தரையை நோக்கிய கம்பிகளின் இறுக்கம் சற்றே குறைகிறது. சக்கரம் சுழன்று அவை மேலே போகும்போது மீண்டும் இறுகுகிறது. எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து இறுகுகிறது. சக்கரத்தின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல். அப்பாவின் பதினான்கு கிலோமீட்டரில் ஏழாயிரத்துக்கு மேல். போக வர அதைப்போல் இரண்டு மடங்கு. மாலைப் பாலும் சேர்த்தால் நான்கு மடங்கு. சரியான இறுக்கத்தில் உள்ள கம்பி இதைப் பல்லாண்டு தாங்கும். தளர்ந்த கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் தன் கழுத்தில் அசைந்து, களைத்து, ஒடிந்துபோகும். ஒன்று ஒடிந்தால் அதன் பங்கைப் பக்கத்துக் கம்பிகள் சுமக்க வேண்டும். அடுத்து அவை.

கம்பிகள் தளர்ந்ததால் ரிம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கோட்டம் எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சக்கரத்தைச் சுற்றவிட்டு, ரிம்மின் ஓரத்தருகே ஒரு சுண்ணாம்புக்கட்டியை அசையாமல் பிடிப்பார்கள். கோணிய இடம் மட்டும் கட்டியில் உரசிக் குறி விழும். வலப்பக்கம் குறி விழுந்தால், அவ்விடத்தில் ஹப்பின் இடப்பக்கத்துக்குச் செல்லும் கம்பிகளை இறுக்கி, வலப்பக்கத்துக்குச் செல்பவற்றைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்பக்கூடாது. நான் ஆர்வத்தில் ஒன்றை இரண்டு சுற்றுத் திருப்பிவிட்டேன். கோட்டம் அடுத்த பக்கம் போய்விட்டது. பாய் திட்டவில்லை. "முதல்ல இருந்து" என்று மட்டும் சொன்னார். அந்தச் சக்கரம் நேராக இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

வீட்டில் நாம் செய்யக்கூடியது தட்டிப் பார்ப்பதும், சுற்றிப் பார்ப்பதும்தான். கோட்டம் எடுப்பதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நலம். ஏனெனில் நிப்பிளை அளவுக்கு மேல் இறுக்கினால் கம்பியின் முனை உட்பக்கம் நீண்டு டியூபைக் குத்தும். அதைத் தடுக்க ரிம்மின் உள்ளே ஒரு ரப்பர் நாடா போடுவார்கள். எங்கள் வண்டியில் அந்த நாடா பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடிக்கடி பஞ்சர் ஆவதற்கு ரோட்டில் கிடக்கும் ஆணியைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஆணி உள்ளேயே இருந்திருக்கிறது.

அலாய் சக்கரம் வைத்திருப்பவர்களுக்குக் கம்பிக் கவலை இல்லை. ஆனால் பெரிய பள்ளத்தில் விழுந்தால் அது விரிசல் காணக்கூடும். விரிசல் விழுந்ததைத் தட்டி நிமிர்த்தி ஓட்டுவது ஆபத்து. பேரிங்கைச் சோதிப்பது மிக எளிது: நடு ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாக இரு கையால் பிடித்துக் குறுக்கே ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்றால் பேரிங் போய்விட்டது. செயினை இறுக்கும்போது இருபக்க அட்ஜஸ்டர்களின் கோடுகளும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இல்லையேல் சக்கரம் கோணலாக நின்று டயரை ஒரு பக்கமாகத் தின்றுவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்பிகள் ஒடிந்ததற்குக் கவனக்குறைவு மட்டுமே காரணம் அன்று. பாலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.03. நாற்பது லிட்டர் கேன் இரண்டு என்றால் பால் மட்டும் 82 கிலோ. கேன்களின் எடை வேறு. அப்பாவின் எடை வேறு. ஓட்டுபவரையும் சேர்த்து 130 கிலோ என்னும் அளவில் செய்யப்பட்ட வண்டி அது. எவ்வளவு காற்றடித்தாலும், எத்தனை கம்பி மாற்றினாலும் இந்தக் கணக்கு நேராகாது. இதை அப்பாவிடம் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கேனைச் சின்னதாக்கினா ரெண்டு தடவ போவணும்டா. பெட்ரோலை உன் புத்தகத்துல எங்க போட்டிருக்குது?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இப்போது இருபத்தைந்து லிட்டர் கேன்கள் இரண்டு கொண்டு போகிறார். மீதியைக் கல்லூரிக்கு வரும் பேருந்தில் நான் எடுத்து வருகிறேன். காலை எட்டு மணிப் பேருந்தில் பால்கேனோடு வருபவன் யார் என்று சிலர் கேட்டதுண்டு.

பாட்டரி

எங்கள் வண்டியை உதைத்தால் கிளம்பிவிடும், முன்விளக்கும் எரியும். இவ்வகைப் பழைய வண்டிகளில் இவ்விரண்டுக்கும் மின்சாரம் இஞ்சினிலுள்ள மேக்னெட்டோவிலிருந்தே வருகிறது. ஹாரனும், திரும்பும் விளக்கும், பிரேக் பிடித்தால் எரியும் பின் சிவப்பு விளக்கும் பாட்டரியை நம்பியவை. எங்கள் வண்டியில் அவை மூன்றும் எப்போது நின்றன என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. பனியில், விடியுமுன், பின்னால் லாரி வரும் சாலையில், பிரேக் விளக்கே இல்லாமல் அப்பா எத்தனை மாதம் போய் வந்தார் என்று எண்ணும்போது இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

காரீய அமிலப் பாட்டரியை 1859இல் முதலில் செய்தவர் கஸ்தோன் பிளாண்டே என்னும் பிரெஞ்சு அறிஞர். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. நேர்த்தகட்டில் காரீயப் பெராக்ஸைடு, எதிர்த்தகட்டில் பஞ்சு போன்ற காரீயம், நடுவில் நீர் கலந்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரு தகடுகளும் காரீய சல்பேட்டாகின்றன. அமிலம் குறைந்து நீர் கூடுகிறது. மின்னேற்றும்போது எல்லாம் திரும்புகின்றன. அமிலமே வினையில் பங்கு கொள்வதால், அதன் அடர்த்தியை அளந்தால் பாட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஹைட்ரோமீட்டரில் 1.26 முதல் 1.28 வரை இருந்தால் நிறைந்த பாட்டரி; 1.12 அளவுக்கு இறங்கினால் வெறும் பாட்டரி. ஓர் அறைக்கு 2.1 வோல்ட், ஆறு அறைக்கு 12.6 வோல்ட்.

எங்கள் பாட்டரியை மல்டிமீட்டரில் பார்த்தபோது, மின்னேற்றிய பிறகும் 10.5 வோல்ட்டே காட்டியது. ஐந்தை 2.1ஆல் பெருக்கிப் பாருங்கள். ஆறில் ஓர் அறை இறந்துவிட்டது. மூடியைத் திறந்தால் அமிலம் தகடுகளுக்குக் கீழே இறங்கி, வெளியே தெரிந்த தகடுகள் வெளுத்திருந்தன. வெகுநாள் மின்னேற்றாமல் கிடந்தால் காரீய சல்பேட்டு கடினமான படிகமாகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் கரைவதில்லை. போதாததற்கு அப்பா ஒருமுறை கிணற்று நீரை ஊற்றியிருக்கிறார். பாட்டரியில் குறைவது நீர்தான், அமிலம் அன்று; ஆகவே நிரப்ப வேண்டியது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. கிணற்று நீரில் உள்ள உப்புகளும் இரும்பும் தகடுகளைக் கெடுத்துவிடும். பாட்டரியின் பக்கத்தில் மேல்கோடு, கீழ்கோடு என இரண்டு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நீர்மட்டம் நிற்க வேண்டும். நான் மாதம் ஒருமுறை, கோடையில் இருமுறை பார்க்கிறேன்.

புதுப் பாட்டரி வாங்கியபோது ஓர் அனுபவம். கடையின் பெயர் வேண்டாம். அமிலத்தை ஊற்றி உடனே கையில் கொடுத்து, "மாட்டிக்கோங்க, வண்டி ஓடினா தானா சார்ஜ் ஏறிடும்" என்றார்கள். அமிலம் ஊற்றிய பின் தகடுகள் ஊற நேரம் கொடுத்து, முதல் மின்னேற்றத்தை மெதுவாகச் செய்ய வேண்டும் என்று பெட்டியிலிருந்த தாளிலேயே அச்சிட்டிருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். கடைக்காரர் முகம் சுளித்தாலும் மறுநாள் வரச் சொன்னார். மின்னேற்றும் அளவு, பாட்டரித் திறனில் பத்தில் ஒரு பங்கு, எங்கள் 2.5 ஆம்பியர் மணிப் பாட்டரிக்கு 0.25 ஆம்பியர். அவசரப்பட்டு அதிக மின்னோட்டம் கொடுத்தால் தகடு வளையும், அமிலம் கொதிக்கும்.

கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்தது. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும் என்பது வேதியியல் நண்பர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனருகில் பீடி பற்றவைக்கும் மெக்கானிக்குகளை நான் கண்டிருக்கிறேன். அமில ஆவி வெளியேறும் சிறு குழாய் நசுங்காமல் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். முனைகளில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் தேய்த்துக் கழுவி (அது அறைகளுக்குள் போகக்கூடாது), துடைத்து, வாஸ்லின் தடவினால் மீண்டும் பூக்காது.

அமிலம் கைபட்டால் உடனே நிறைய நீரில் கழுவ வேண்டும். துணியில் பட்டால் தெரியவே தெரியாது. எனக்குக் கல்லூரிக்கென்று தைத்த கால்சட்டை இரண்டு. ஒன்றில் நாலைந்து துளி தெறித்ததைக் கவனிக்காமல் விட்டேன். அம்மா துவைத்துப் பிழிந்தபோது அவ்விடங்கள் ஓட்டையாக விழுந்தன. இன்னும் அதைத்தான் ஒட்டுப்போட்டு அணிகிறேன்.

புதிய வண்டி வைத்திருப்பவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று இருந்துவிட வேண்டாம். மூடி திறக்க முடியாத பாட்டரிக்கு நீர் ஊற்றும் வேலை இல்லை, உண்மை. முனைகளைத் துடைப்பதும் வோல்ட் பார்ப்பதும் அதற்கும் உண்டு. ஓய்வில் 12.6க்கு மேல் இருந்தால் நன்று, 12.4க்குக் கீழே இறங்கினால் மின்னேற்ற வேண்டும். இஞ்சின் ஓடும்போது 14 அளவுக்கு ஏறவில்லையென்றால் கோளாறு பாட்டரியில் இல்லை, மின்னேற்றும் அமைப்பில். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை மின்பம்பு தள்ளுகிறது. பாட்டரி அறவே செத்துவிட்டால் அவற்றுட் பல, உதைத்தாலும் கிளம்பா. விடுமுறையில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துகிறவர்கள் எதிர்முனையைக் கழற்றி வைப்பது நல்லது.

இப்போது ஞாயிறு காலை எங்கள் வீட்டில் இந்த வேலைக்கு இருபது நிமிடம் ஆகிறது. காற்று அளப்பது, வால்வு நேராக நிற்கிறதா என்று பார்ப்பது, டயர் வெட்டில் சிக்கிய கல்லையும் முள்ளையும் எடுப்பது, கம்பிகளைத் தட்டுவது, ஹாரனும் பின்விளக்கும் சரிபார்ப்பது. பிரேக்கை மிதித்துவிட்டு அப்பா திண்ணையிலிருந்து கேட்பார், "எரியுதாடா?" என்று. எரிகிறது என்பேன். கம்பி தட்டும்போது மட்டும் அவரே எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். சென்ற மாதம் பதினேழாவது கம்பியில் எனக்குக் கேட்காத வேறுபாடு அவருக்குக் கேட்டது. பாயிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கால் சுற்றுத் தளர்ந்துதான் இருந்தது.

காற்று அளவி எப்போதும் என் பையில் இருக்கிறது. புளியமரத்தடியில் வண்டி நிறுத்துகிற நண்பர்கள் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். காலையில் வந்திறங்கியதும் வேண்டாம், டயர் சூடாக இருக்கும். மதிய இடைவேளையும் வேண்டாம், அப்போது வெயில். வண்டி நிழலில் ஆறியிருக்கும் மாலை மூன்றரை மணிக்கு, வீட்டுக்குக் கிளம்புமுன், மாடியில் இடப்பக்கம் கடைசி வகுப்பறைக்கு வாருங்கள்.